பூனைக்கடிக் கிருமிக்குப் பெயர் தந்த மேதை லூயி பாஸ்டர்

வீட்டுப் பூனை சாது. குழந்தையின் மடியில் சுருண்டு படுக்கும். பால் கிண்ணத்தைக் கண்டால் காலைச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால், தெரியாமல் அதன் வாலை மிதித்துவிட்டால் போதும். சீறிக்கொண்டு பாயும். நகத்தால் பிறாண்டும். அல்லது ஒரு கடி கடிக்கும்.

கடித்த இடத்தைப் பார்த்தால் பெரிய காயமாகத் தெரியாது. ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள். ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சில பேருக்கு அன்று இரவே விரல் விண்விண் என்று தெறிக்கும். பொழுது விடிவதற்குள் கை சிவந்து வீங்கிவிடும். பிறகு சீழ் கட்டும்.

பூனையின் பல் மெல்லியது; கூர்மையானது. அது ஊசியைப் போல ஆழமாக இறங்குகிறது. வாயில் உள்ள கிருமிகளைச் சதைக்கு அடியில், எலும்பு மூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே தோல் மூடிக்கொள்கிறது. உள்ளே கிருமிகள் பெருகுகின்றன.

அந்தக் கிருமிகளில் முக்கியமான ஒன்றின் பெயர் பாஸ்டுரெல்லா. பத்துப் பூனைகளைச் சோதித்துப் பார்த்தால் ஏழு முதல் ஒன்பது பூனைகளின் வாயில் இது இருக்கும். பூனைக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு இல்லை. மனிதனின் சதைக்குள் போனால்தான் தொல்லை.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயரைத்தான் இந்தக் கிருமிக்கு வைத்திருக்கிறார்கள். அவர் பூனையை ஆராய்ந்தவர் அல்ல. அவர் இந்தக் கிருமியைச் சந்தித்தது கோழியிடம்.

ஓநாய் கடித்த ஊர்

பிரான்சு நாட்டின் கிழக்கே, மலைப் பக்கத்தில் டோல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி லூயி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். நெப்போலியனின் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து, வீரப் பதக்கம் பெற்றவர். குடும்பம் பின்பு ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபோயிற்று. பாஸ்டர் வளர்ந்தது அந்த ஊரில்தான்.

அவருக்கு 8 வயது இருக்கும்போது, 1831-ம் ஆண்டு, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் கடித்துக் குதறியது. அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம் சூடு போடுவதுதான். கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் காயத்தில் வைத்தார்கள். அவர்கள் அலறிய அலறல் சிறுவன் பாஸ்டரின் காதில் விழுந்தது. அப்படிச் சூடு போட்டும் பலர் வெறி நோய் கண்டு இறந்து போனார்கள்.

பள்ளியில் அவர் சாதாரண மாணவர்தான். படம் வரைவதில் கெட்டிக்காரர். தாயையும் தகப்பனாரையும் அவர் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் இருக்கின்றன. படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு நினைவு தாங்கவில்லை. சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். பிறகு எழுதிய ஒரு பரீட்சையில் ரசாயனப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பு, சுமார் ரகம். அந்த ரசாயனத்தில்தான் அவர் உலகப் புகழ் அடையப் போகிறார் என்று பரீட்சை வைத்தவர்களுக்குத் தெரியாது!

1843-ல் மறுபடியும் பாரிசுக்குப் போய், பெயர்பெற்ற ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை. 1849-ல் ஸ்திராஸ்பூர் நகரில் பேராசிரியராக இருந்தபோது மேரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். கணவர் வாயால் சொல்லச் சொல்ல, இரவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்து வந்தவர் அந்த அம்மையார்.

புளித்துப்போன சாராயம்

லீல் என்ற தொழில் நகரத்திற்குப் பாஸ்டர் மாற்றலாகி வந்தார். அங்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் உண்டு. 1856-ல் ஓர் ஆலை முதலாளிக்குச் சரக்கு கெட்டுப்போய் நஷ்டம் வந்தது. அவர் பாஸ்டரிடம் ஓடி வந்தார். பாஸ்டர் அந்தச் சாற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள நுண்ணிய பொருள்கள் தெரிந்தன. நல்ல சாற்றில் இருந்தவை ஒரு வகை. கெட்ட சாற்றில் இருந்தவை வேறு வகை.

பண்டங்கள் புளிப்பதும் கெடுவதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலை என்று அவர் நிரூபித்தார். திராட்சை மதுவை அளவாகச் சூடாக்கினால் கெடாமல் இருக்கும் என்று காட்டினார். பிற்காலத்தில் பாலுக்கும் அந்த முறையைக் கையாண்டார்கள். இன்றைக்குப் பால் பண்ணைகளில் நடப்பது அதுதான்.

பண்டம் கெடுவதற்குக் கிருமி காரணம் என்றால், உடம்பு கெடுவதற்கும் கிருமி காரணமாக இருக்கலாம் அல்லவா? இந்த எண்ணம் அவரை விடவில்லை.

அவர் வீட்டிலேயே நோய் புகுந்து விளையாடியது. மூத்த மகள் ஜான் 1859-ல் டைபாய்டு சுரத்தில் இறந்தாள். அவளுக்கு வயது 9. கமீல் என்ற குழந்தை 1865-ல் 2 வயதில் போய்விட்டது. மறு வருடமே 12 வயது செசில், மறுபடியும் டைபாய்டு. ஐந்து குழந்தைகளில் மூன்று பெண்களைப் பறிகொடுத்தார். மிஞ்சியது ஒரு மகனும் ஒரு மகளும்.

அதோடு விடவில்லை. 1868-ம் ஆண்டு அக்டோபரில் அவருக்குப் பாரிசவாயு கண்டது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வயது 45தான். பிழைத்தாரே தவிர, அந்தக் கை பழையபடி ஆகவே இல்லை. சோதனைக் குழாயைப் பிடிப்பதற்கும் உதவியாளர் வேண்டியிருந்தது. இனிச் சொல்லப்போகும் காரியங்கள் எல்லாம் இந்த நிலையில் அவர் செய்தவை.

கிருமிகளுக்கு அவர் படும் பயம் ஊர் அறிந்த செய்தி. விருந்துக்குப் போனாலும் தட்டையும் கிளாசையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கை குலுக்குவதற்கும் யோசிப்பார்.

கோழி காட்டிய வழி

பிரான்சில் அப்போது கோழி காலரா என்ற நோய் பண்ணைகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. நோய் கண்ட கோழி இறக்கையைத் தொங்கவிடும். இறகெல்லாம் சிலிர்த்துப் பந்து போல ஆகிவிடும். தூங்கி விழும். அப்படியே சாய்ந்துவிடும். காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் இராது.

தூலூஸ் மிருக வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தூசேன், இந்த நோயின் கிருமியை 1878-ம் ஆண்டு கடைசியில் பாஸ்டருக்கு அனுப்பி வைத்தார். பாஸ்டர் அதைக் கோழி இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். நன்றாக வளர்ந்தது. அதில் ஒரு துளியைக் கோழிக்குக் கொடுத்தால் கோழி செத்தது.

அதே கிருமியைச் சீமைப் பெருச்சாளி என்ற சிறு பிராணிக்கு ஊசியால் ஏற்றிப் பார்த்தார். அது சாகவில்லை. குத்திய இடத்தில் ஒரு கட்டி வந்ததோடு சரி. சுகமாகத் தின்று திரிந்தது. ஆனால் அந்தக் கட்டியின் சீழ் நிறையக் கிருமி! அந்தச் சீழ் கோழியின் இரையில் பட்டால் போதும், கோழி மாண்டுபோகும்.

ஒரு பிராணி நோயில்லாமல் இருந்துகொண்டே அடுத்த பிராணிக்கு நோயைக் கொடுக்கலாம் என்று இதிலிருந்து தெரிந்தது. பூனை வாயில் குடியிருக்கும் பாஸ்டுரெல்லாவின் கதையும் இதுதான். கோழியைக் கொன்ற கிருமியும் பூனைக்கடியில் சீழ் வைக்கும் கிருமியும் ஒரே இனம்.

இதைவிடப் பெரிய அதிசயம் அடுத்து நடந்தது. பல நாள் வைத்திருந்த பழைய கிருமிச் சாற்றைக் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கோழிகள் கொஞ்சம் சோர்ந்தன, பிறகு தேறிவிட்டன. அதே கோழிகளுக்குப் புதிதாக வளர்த்த, வீரியமுள்ள கிருமியைக் கொடுத்தார்கள். அப்போதும் அவை சாகவில்லை! முன்பு ஊசி போடாத மற்றக் கோழிகள் செத்து விழுந்தன.

கோடை விடுமுறையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாற்றினால் தற்செயலாக இது நடந்தது என்று கதை சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் கதை. ஆனால் பாஸ்டரின் ஆராய்ச்சி நோட்டுப் புத்தகங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. அவற்றை வெளியாருக்குக் காட்ட வேண்டாம் என்று அவர் குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். 1964-ல் பேரன் அவற்றைப் பிரான்சின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். அவருடைய உதவியாளர் எமில் ரூ மாதக் கணக்கில் பொறுமையாகச் செய்த சோதனைகள் அப்போதுதான் வெளியே தெரிந்தன.

எப்படியானால் என்ன? பெரிய உண்மை ஒன்று கையில் கிடைத்தது. கிருமியின் வீரியத்தைக் குறைத்து உடம்பில் ஏற்றினால், அதே கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்புக்கு வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஜென்னர் என்ற டாக்டர் 1796-ல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்தினார். அது இயற்கை கொடுத்த மருந்து. பாஸ்டரோ மருந்தை ஆராய்ச்சி சாலையில் செய்யலாம் என்று காட்டினார். 1880-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

மறு வருடம் ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி தயாராயிற்று. ஒரு பண்ணையில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில், பந்தயம் போலச் சோதனை நடந்தது. ஊசி போட்ட ஆடுகள் புல் மேய்ந்தன. போடாத ஆடுகள் செத்துக் கிடந்தன.

வெறிநாய்

பிறகு பாஸ்டர் வெறி நோயைக் கையில் எடுத்தார். கொல்லன் பட்டறையில் கேட்ட அலறல் மறக்கவில்லை போலும்.

இது கோழி நோயைப் போல எளிதாக இல்லை. கிருமி கண்ணுக்கே அகப்படவில்லை. அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத அளவு சிறியது அது. சாற்றில் போட்டால் வளரவும் இல்லை. வெறிநாயின் எச்சிலில் நோய் இருப்பது மட்டும் தெரியும். உதவியாளர்கள் வெறிநாயைக் கயிற்றால் கட்டி மேஜைமேல் அமுக்கிப் பிடிக்க, பாஸ்டர் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து அதன் எச்சிலை உறிஞ்சி எடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

நோய் மூளையிலும் நரம்புகளிலும் தங்குகிறது என்று கண்டார்கள். சாற்றில் வளராத கிருமியை முயலின் மூளையில் வளர்த்தார்கள். நோயில் இறந்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, ஈரம் இல்லாத கண்ணாடிக் குப்பிக்குள் கட்டித் தொங்கவிட்டார்கள். நாள் ஆக ஆக அது காய்ந்தது. காயக் காய விஷம் குறைந்தது. 14 நாள் ஆனால் வீரியம் இல்லாமலே போயிற்று.

அதை நாய்களுக்கு ஊசியாகப் போட்டுச் சோதித்தார்கள். நாய்களுக்குப் பலித்தது. மனிதருக்கு?

சிறுவன் வந்தான்

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. அல்சாஸ் நாட்டுப்புறத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு பாரிசுக்கு வந்தாள். பையன் பெயர் ஜோசப் மைஸ்டர். வயது 9. இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் அவனைக் கீழே தள்ளிக் கடித்திருந்தது. கையிலும் காலிலுமாக 14 காயங்கள். நடக்கவும் முடியவில்லை.

பாஸ்டர் திகைத்தார். அவர் டாக்டர் அல்ல, ரசாயனக்காரர். ஊசி போட அவருக்கு உரிமை கிடையாது. அந்தப் பையனுக்குப் போடப்போகும் அதே முறையில் நாய்களிடம் தொடங்கியிருந்த சோதனையும் அப்போது முடிந்திருக்கவில்லை. உதவியாளர் ரூவுக்கு இதில் சம்மதம் இல்லை. பையன் ஊசியினாலேயே இறந்துவிட்டால்? கொலைகாரன் என்று உலகம் தூற்றும். ஊசி போடாவிட்டாலோ, அவன் பிழைப்பதற்கு வழியே இல்லாமல் போகலாம்.

இரண்டு டாக்டர்களை அழைத்துக் காட்டினார். பையன் சாவது ஏறக்குறைய நிச்சயம் என்று அவர்கள் கருதினார்கள். அன்று மாலையே டாக்டர் கிரான்ஷே முதல் ஊசியைப் போட்டார். பாஸ்டர் பக்கத்தில் நின்றார்.

முதல் ஊசி, நன்றாகக் காய்ந்த தண்டுவடத்திலிருந்து எடுத்தது. அடுத்தடுத்த ஊசிகள் வர வர வீரியம் கூடியவை. சுமார் பத்து நாட்களில் 13 ஊசிகள். கடைசி ஊசி, முயலைக் கொன்றுவிடக்கூடிய புதிய விஷம். பகலில் பையன் ஆராய்ச்சி சாலையில் இருந்த முயல்களோடும் கோழிகளோடும் விளையாடினான். இரவில் நிம்மதியாகத் தூங்கினான். தூங்காதவர் பாஸ்டர். அவன் இறந்துபோவது போலக் கனவு கண்டு விழித்துக்கொள்வார்.

நாள் போயிற்று, வாரம் போயிற்று, மாதமும் போயிற்று. ஜோசப் மைஸ்டருக்கு நோய் வரவே இல்லை!

அடுத்து ஜூபில் என்ற 15 வயது இடையன் வந்தான். சின்னப் பையன்களைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவன். அவனும் பிழைத்தான். செய்தி காட்டுத் தீப்போலப் பரவியது. பல தேசங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் 10 வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். தலையில் கடி. கடித்து 37 நாள் ஆகிவிட்டது. பலன் இராது என்று பாஸ்டருக்குத் தெரியும். தோற்றால் தன் பெயர் கெடும் என்றும் தெரியும். பெற்றோரின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. குழந்தை இறந்தது. படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்த பாஸ்டர் கண்ணீர்விட்டு அழுதார். மூன்று பெண்களைப் பறிகொடுத்த தகப்பன் அல்லவா அவர்!

1886 மார்ச்சில் ரஷியாவிலிருந்து 19 குடியானவர்கள் வந்து சேர்ந்தார்கள். வெறிபிடித்த ஓநாய் குதறிய காயங்கள். பாஸ்டர் என்ற ஒரு சொல்லைத் தவிர அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கடிபட்டுப் பல நாட்கள் ஆகியிருந்ததால், காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். மூவர் இறந்தனர், 16 பேர் ஊர் திரும்பினர். ரஷியச் சக்கரவர்த்தி லட்சம் பிராங்கு அனுப்பினார்.

ஊர் ஊராக நன்கொடை திரண்டது. 1888-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான், இத்தாலிய அறிஞர் டிரெவிசான் கோழி காலராக் கிருமியின் இனத்துக்குப் பாஸ்டரின் நினைவாகப் பாஸ்டுரெல்லா என்று பெயர் வைத்தார். அந்த இனம் பூனை வாயிலும் வாழ்கிறது என்பது பின்னால் தெரிய வந்தது. பூனைப் பிறாண்டலால் நெறி கட்டிச் சுரம் வரும் வேறொரு நோயும் உண்டு. அதை 1950-ல் விவரித்தவரும் பாரிஸ் டாக்டர்தான். பெயர் ராபர்ட் டெப்ரே. அதன் கிருமி வேறு. பூனைகளிடையே அதைப் பரப்புவது பூனையின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி.

குன்னூரில்

பாஸ்டர் முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1900-ல் வடக்கே கசௌலியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. நீலகிரியில் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. நாய் கடித்தால் வயிற்றில் 14 ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவார்களே, அது கசௌலியில் செம்பிள் என்ற டாக்டர் 1911-ல் செய்த மருந்து. ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. அது வழக்கொழிந்துவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளோடு சரி.

வெறி நோய் பூனைக்கும் வரும். அந்தப் பூனை கடித்தாலும் மனிதருக்குத் தொற்றும். ஆகவே பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ முதலில் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பக் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறி நோய்த் தடுப்பூசியும் தனுர்வாத ஊசியும் வேண்டுமா என்று அவர் சொல்வார். பாஸ்டுரெல்லாவைப் பென்சிலின் வகை மருந்துகள் அடக்கிவிடும். வீங்கிச் சீழ் வைக்கும் வரை காத்திருந்தால்தான் கத்தி வைக்கும்படி ஆகிவிடுகிறது.

1892 டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டருக்கு 70 வயது நிறைந்தது. பாரிஸ் பல்கலைக்கழக மண்டபத்தில் பெரிய விழா. ஜனாதிபதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தள்ளாடி நடந்து வந்தார். பேசுவதற்குக் குரல் எழவில்லை. அவருடைய பேச்சை மகன் படித்தார்.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். பாஸ்டர் நிலையத்தின் அடித்தளத்தில் கல்லறை கட்டி, அவர் உடலை அங்கே வைத்தார்கள். 1910-ல் இறந்த மனைவி மேரியும் அங்கேயே அடக்கமானார்.

அந்த நிலையத்தின் வாசலில் பல ஆண்டுகள் காவல்காரராக வேலை பார்த்தவர் ஒருவர் உண்டு. 1940-ல் இறக்கும் வரை அவர் அந்த வேலையில் இருந்தார். 9 வயதில் 14 காயங்களோடு வந்த ஜோசப் மைஸ்டர்தான் அவர்.